பதிவேட்டை எழுதியவர்களும் படித்தவர்களும்

"நர்ஸ் வேலைக்கு எதற்கு கம்ப்யூட்டர்? அதுவும் பிஎச்.டி. படிக்கிற நர்சுக்கு சுகாதாரத் தகவலியல் என்று ஒரு பாடம் எதற்கு?" இப்படிக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. இந்தக் கேள்விக்கான பதில் கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் கையில் விளக்கோடு ஒரு அம்மையார்தான் நினைவுக்கு வருவார். அவர் கையில் எண்களும் இருந்தன என்பதை யாரும் சொல்வதில்லை. கிரீமியப் போரில் (1854-56) காயத்தால் செத்த சிப்பாய்களைவிட நோயால் செத்தவர்களே அதிகம் என்பதை 1858-ல் வண்ண வரைபடமாகப் போட்டுக் காட்டினார். லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவரே. 1860-ல் எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கு எழுத வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். படிவம் சிக்கலாக இருந்ததால் அது நிலைக்கவில்லை. (படிவம் நீளமாக இருந்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது!)

அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் இங்கிருந்த ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, வந்த பதில்களைக் குவித்து வைத்துக்கொண்டு படித்தார். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறக்கிறார்கள் என்று 1863-ல் வெளியான அரச ஆணைய அறிக்கை சொன்னது. சாக்கடை, குடிநீர், முகாம் நெரிசல் என்று காரணங்களை அவர் அடுக்கினார். ஒரு நர்ஸ் தகவலைத் திரட்டி, அலசி, அதை வைத்து அரசாங்கத்தோடு சண்டை போட்ட கதை இது.

அவருக்குப் பின் நடந்ததுதான் விசித்திரம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-ல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூர் சி.எம்.சி.யில் 1909-ல் நர்சிங் பள்ளியும், 1946-ல் பட்டப்படிப்பும் வந்தன. எல்லா இடத்திலும் நர்சுகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். காய்ச்சல் அட்டை, நாடித்துடிப்பு, உள்ளே போன நீர், வெளியே வந்த நீர், ஷிப்ட் மாறும்போது ஒப்படைப்புக் குறிப்பு... ஆனால் படித்தவர்கள் வேறு ஆட்கள். நோயாளி வீட்டுக்குப் போனதும் டாக்டர் எழுதிய நோயின் பெயர் கணக்கில் ஏறும். நர்ஸ் இரவெல்லாம் புரட்டிப் படுக்க வைத்து படுக்கைப்புண் வராமல் காத்தது எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கில் இல்லாத வேலைக்கு ஆள் கேட்டால் எவன் கொடுப்பான்?

அமெரிக்காவில் இதே ஆதங்கம் ஹாரியட் வெர்லி என்ற செவிலியர் ஆய்வாளருக்கு இருந்தது. எந்த மருத்துவமனையானாலும் நர்சிங் பற்றிக் குறைந்தபட்சம் இன்னின்ன தகவல்கள் பதிவாக வேண்டும் என்று 16 அம்சங்கள் கொண்ட ஒரு தொகுப்பை 1980களில் அவர் குழு உருவாக்கியது. 1992-ல் அமெரிக்க செவிலியர் சங்கம் செவிலியத் தகவலியலைத் தனித் துறையாக ஏற்றது. அதே காலத்தில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அதற்கு முனைவர் படிப்பும் வந்துவிட்டது. 2006-ல் அங்கே டி.என்.பி. எனப்படும் தொழில்முறை முனைவர் பட்டத்துக்கு வகுத்த எட்டு அடிப்படைகளில் நான்காவதே தகவல் அமைப்புகள்தான்.

இந்தியாவில் நர்சிங் பிஎச்.டி. என்பதே தாமதமாக வந்த விருந்தாளி. இந்திய நர்சிங் கவுன்சிலும் பெங்களூரின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2000களின் நடுவில் ஒரு தேசியக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. வேலூர் சி.எம்.சி. அதன் ஆய்வு மையங்களில் ஒன்று. படிக்க வருபவர்கள் பல ஆண்டுகள் வார்டிலோ வகுப்பிலோ வேலை பார்த்தவர்கள். ஆகவே அவர்களுக்குத் தகவலியல் என்றால் டைப் அடிக்கவும் ஸ்லைடு போடவும் சொல்லித் தருவதல்ல. தகவல் எங்கே பிறக்கிறது, எங்கே கெட்டுப் போகிறது என்று கேட்கப் பழக்குவது.

விருதுநகர் மாவட்டம் ராஜபாளையம் பக்கத்தில் இருக்கும் செட்டியார்பட்டியையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு பெண் கர்ப்பமானால், ஊரில் 'நர்சம்மா' என்று அழைக்கப்படும் கிராம சுகாதாரச் செவிலியர் முதலில் பதிவு செய்வார். 2000களின் பிற்பகுதி முதல் தமிழ்நாட்டில் இந்தப் பதிவு பிக்மி என்ற மென்பொருளில் ஏறுகிறது. தாய்க்கு 12 இலக்க எண் கிடைக்கும். வளைகாப்பு முடிந்து அந்தப் பெண் சங்கரன்கோவில் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விட்டால்? ரத்த அழுத்தம் இங்கே பார்த்தது, பிரசவம் அங்கே. இரண்டு நர்சம்மாக்கள், இரண்டு மாவட்டங்கள். அந்த எண்ணைச் சரியாகக் கேட்டு வாங்கவில்லை என்றால் ஒரே தாய் இரண்டு பேராகிவிடுவார். இங்கே 'விடுபட்டவர்', அங்கே 'தாமதமாகப் பதிந்தவர்'! மாவட்ட அறிக்கையைப் பார்ப்பவருக்கு இது நர்சம்மாவின் அலட்சியமாகத் தெரியும். உண்மையில் அது நம் தாய்வீட்டுப் பிரசவ வழக்கம். மென்பொருள் எழுதிய பொறியாளருக்கு இது தோன்றாமல் போகலாம். களத்தில் இருந்த செவிலியருக்குத் தோன்றாமல் போகாது.

இன்னொன்று, நோட்டிலும் எழுத வேண்டும், கணினியிலும் ஏற்ற வேண்டும் என்கிற இரட்டை வேலை. கிராம சுகாதாரச் செவிலியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை இது. களைத்துப்போனவர் நேற்றைய 120/80-ஐயே இன்றும் எழுதிவிட்டால், அதன் மேல் எவ்வளவு பெரிய ஆய்வு கட்டினாலும் மணல் வீடுதான். அந்த எண்ணை எழுதியவர் எந்த நிலையில் எழுதினார் என்று கேட்கத் தெரிந்த ஆய்வாளர் வேண்டும். எழுதி எழுதிக் கை ஓய்ந்த அனுபவம் உள்ள ஒரு நர்ஸ் பிஎச்.டி. செய்யும்போது அந்தக் கேள்வி இயல்பாக வருகிறது. தகவலியல் பாடம் அதற்கு முறையும் சொற்களும் தருகிறது.

2021 ஜூலையில் அரசிதழில் வந்த புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் தகவலியலை இரண்டாம் செமஸ்டரிலேயே கட்டாயப் பாடமாக வைத்துவிட்டது. தியரியோடு ஆய்வக வேலையும் உண்டு. சிறிய ஊர் நர்சிங் கல்லூரிகளில்கூட இதை நடத்தியாக வேண்டும். நடத்துவது யார்? பல இடங்களில் கம்ப்யூட்டர் ஆசிரியரைக் கூப்பிட்டு எக்செல் சொல்லித் தரச் சொல்வதே சுலபமான வழியாக இருக்கும். பதிவேட்டில் வெற்றாக விட்ட ஒரு கட்டத்தைக் காட்டி "இதை ஏன் நிரப்பவில்லை?" என்று வகுப்பில் கேட்க, வார்டையும் ஆய்வையும் பார்த்த ஒரு செவிலியர் பேராசிரியர் தேவை. அவர் வர வேண்டியது அந்த பிஎச்.டி. வகுப்பிலிருந்துதான்.