குழந்தைப் பாதுகாப்பு இருக்கை

குழந்தைப் பாதுகாப்பு இருக்கை என்பது, தானுந்து விபத்துகளில் குழந்தைகள் உயிரிழப்பதையும் காயமடைவதையும் தடுப்பதற்காக வடிவமைக்கப்பட்ட தனி இருக்கை ஆகும். பேச்சு வழக்கில் இது கார் சீட் எனப்படுகிறது. தானுந்துகளில் உள்ள இருக்கைப் பட்டைகள் வளர்ந்தவர்களின் உடலளவுக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. அவை குழந்தையின் கழுத்திலும் வயிற்றிலும் அழுந்திக் காயம் ஏற்படுத்தக்கூடும் என்பதால் தனி இருக்கை தேவைப்படுகிறது.

தேவை

மணிக்கு 50 கிமீ வேகத்தில் செல்லும் தானுந்து மோதி 0.1 நொடியில் நின்றால், அதில் உள்ள 10 கிலோகிராம் குழந்தையைத் தடுத்து நிறுத்தச் சுமார் 1,400 நியூட்டன் விசை தேவை. இது ஏறத்தாழ 140 கிலோகிராம் எடையைத் தாங்குவதற்கு ஒப்பானது. எனவே மடியில் வைத்துக் கைகளால் அணைத்துக்கொள்வது குழந்தையைக் காக்காது. மடியில் வைத்திருப்பவர் பட்டை அணியாதிருந்தால், அவருடைய உடலே குழந்தையை நசுக்கக்கூடும். இருவரையும் ஒரே பட்டையால் பிணைப்பதும் இதே காரணத்தால் ஆபத்தானது.

பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் சுமார் நான்கில் ஒரு பங்காகும். கழுத்து முள்ளெலும்புகளும் முழுமையாக இறுகியிருப்பதில்லை. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலைப் பட்டை பிடித்து நிறுத்தினாலும், தலை முன்னே வீசப்பட்டுக் கழுத்து இழுபடும். பின்னோக்கிய இருக்கையில், நேர்மோதலின் விசை தலை, கழுத்து, முதுகு ஆகியவற்றில் பரவலாகத் தாங்கப்படுகிறது.

வரலாறு

1930களில் விற்கப்பட்ட இருக்கைகள், குழந்தையை உயர்த்தி ஓரிடத்தில் உட்கார வைப்பதற்காகவே அமைந்தன. 1962 இல் பிரித்தானியாவில் சீன் ஏம்சும், ஐக்கிய அமெரிக்காவில் லெனார்ட் ரிவ்கினும் பாதுகாப்பை நோக்கமாகக் கொண்ட இருக்கைகளை வடிவமைத்தனர். 1964 இல் சுவீடனைச் சேர்ந்த பெர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்களின் இருக்கையைப் பார்த்துப் பின்னோக்கிய இருக்கை ஒன்றை உருவாக்கினார். ஐக்கிய அமெரிக்காவில் முதலாவதாக டென்னசி மாநிலத்தில் இருக்கையைக் கட்டாயமாக்கும் சட்டம் 1978 இல் நடைமுறைக்கு வந்தது.

வகைகள்

• பின்னோக்கிய இருக்கை: பிறந்த நாள் முதல் பயன்படுத்தப்படுவது. ஐரோப்பாவில் 2013 இல் நடைமுறைக்கு வந்த ஆர்129 விதியின்படி அமைந்த இருக்கைகளில், குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கியே அமர வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், இருக்கையின் எடை, உயர வரம்பை எட்டும் வரை இவ்வாறே அமர்த்தப் பரிந்துரைக்கிறது.
• முன்னோக்கிய இருக்கை: தோள், இடுப்பு, தொடையிடை ஆகியவற்றைப் பிணைக்கும் ஐம்முனை வார் கொண்டது.
• உயர்த்தும் இருக்கை: வளர்ந்தவர்களுக்கான பட்டை தோளின் நடுவிலும் இடுப்பெலும்பின் மீதும் படியுமாறு சிறுவரை உயர்த்துவது. சுமார் 145 செமீ உயரம் வரை இது தேவைப்படலாம்.

ஒரு வகையிலிருந்து அடுத்ததற்கு மாற்றுவதை வயதைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாமல், குழந்தையின் எடையையும் உயரத்தையும் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

பயன்படுத்தும் முறை

• இயங்கு நிலையிலுள்ள காற்றுப்பைக்கு எதிரே பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்கக்கூடாது. விரியும் பை இருக்கையின் முதுகுப் பகுதியைத் தாக்கும். பின் இருக்கையே பொருத்தமான இடம்.
• இருக்கையைத் தானுந்தின் பட்டையாலோ, ஐசோஃபிக்சு கொக்கிகளாலோ பிணைக்கலாம். பிணைப்பிடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 செமீக்கு மேல் அசையக்கூடாது.
• தோள் வாரை விரல்களால் மடித்துப் பிடிக்க முடிந்தால், அது தளர்வாக உள்ளது என்று பொருள்.
• பருமனான குளிராடையின் மேல் வாரை மாட்டக்கூடாது. மோதலின்போது ஆடை அமுங்கி வார் தளர்ந்துவிடும்.
• பெரிய விபத்தில் சிக்கிய இருக்கையை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. முன்வரலாறு தெரியாத பழைய இருக்கையை வாங்குவதையும் தவிர்க்க வேண்டும்.

இந்தியாவில் சட்டம்

2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194ஆ பிரிவின்படி, 14 வயது நிறைவடையாத குழந்தையை இருக்கைப் பட்டையாலோ குழந்தைப் பாதுகாப்பு அமைப்பாலோ பிணைக்காமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் தண்டம் விதிக்கப்படும். சட்டம் இரண்டில் ஒன்றை ஏற்றுக்கொண்டாலும், பெரியவர்களுக்கான பட்டை கைக்குழந்தைக்குப் பொருந்தாது என்பதால் தகுந்த இருக்கையைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் பொறுப்பாகிறது.