சரக்குக்கு முதலில் வந்த எல்லை: வங்கச் சணலும் 1948 மார்ச் 1-ஆம் நாளும்

பிரிவினை பற்றிய நம் வகுப்பறை விவாதங்கள் 1947 ஆகஸ்டில் தொடங்கி, மனிதர்களின் இடப்பெயர்வில் நிலைகொள்கின்றன. அந்தத் துயரத்தின் அளவைக் கருதினால் இது இயல்பே. ஆனால் வங்கத்தைப் பொறுத்தவரை எல்லை என்பது ஒரே நாளில் வந்த ஒன்றன்று. ராட்கிளிஃப் தீர்ப்பு வெளியான 1947 ஆகஸ்ட் 17 அன்று அது வரைபடத்தில் வந்தது. 1948 மார்ச் 1 அன்று சரக்குக்கு வந்தது. கடவுச்சீட்டு நடைமுறைக்கு வந்த 1952 அக்டோபர் 15 அன்றுதான் மனிதருக்கு வந்தது. ஆக, நான்கரை ஆண்டுகளுக்கும் மேலாக, ஓர் உழவர் கடவுச்சீட்டு இன்றிக் கடக்கக்கூடிய கோட்டை அவருடைய சணல் தீர்வை செலுத்தாமல் கடக்க இயலாது. இப்பதிவு அந்த இரண்டாவது தேதியைப் பற்றியது. வரலாறு, பொருளியல் மாணவர்கள் இத்தேதியை வரி வரலாற்றின் அடிக்குறிப்பாக விட்டுவிடாமல் படிக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

முதலில் பின்னணி. 1855இல் ஹூக்ளிக் கரையிலுள்ள ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை தோன்றியது. பிரிவினையின்போது அந்த ஆற்றின் இரு கரைகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்தன. அவற்றுக்கு வேண்டிய கச்சாச் சணலில் ஏறத்தாழ முக்கால் பங்கு விளைந்தது கிழக்கு வங்கத்தில். அங்கே ஆலை ஒன்றுகூட இல்லை. கோடு வயலை ஒரு நாட்டிலும் தறியை இன்னொரு நாட்டிலும் வைத்தது. இவ்வளவும் பாடநூல்களில் உள்ளதே. வயலுக்கும் தறிக்கும் இடையே இருந்தவற்றை நாம் அதிகம் பேசுவதில்லை.

இடையே ஒரு நீண்ட சங்கிலி இருந்தது. உழவரின் முற்றத்திலேயே நாரை வாங்குபவர் ஃபரியா. அவரிடமிருந்து படகளவில் சேர்ப்பவர் பேபாரி. சந்தை ஊரில் கிடங்கு வைத்துத் தரகு பெறுபவர் ஆரத்தார். பிறகு தளர்வாகக் கட்டிய ‘கச்சா’ பொதி ஆலைக்குச் செல்லும். நீரழுத்த இயந்திரத்தால் இறுக்கிய 400 பவுண்டு ‘பக்கா’ பொதி கடல் கடந்து செல்லும். நாராயண்கஞ்சில் சில அழுத்த நிலையங்கள் இருந்தாலும், அந்தத் தொழிலின் மையமும் துறைமுகமும் கல்கத்தாவே. பணமோ எதிர்த்திசையில் ஓடியது. அறுவடைப் பருவத்தில் கல்கத்தாவிலிருந்து ‘தாதன்’ என்னும் முன்பணம் படிப்படியாக இறங்கி உழவர் வரை வந்தது. இச்சங்கிலி எழுத்து ஒப்பந்தங்களைவிடப் பழக்கத்தையும் வாக்கையும் நம்பியே இயங்கியது.

இவ்வணிகம் ஒரே நாளில் அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே இரு அரசுகளும் நிலைமாறா ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. 1948 பிப்ரவரி 29 வரை இரு நாடுகளுக்கிடையே சுங்கத் தடை இராது என்பது அதன் சாரம். ஆறரை மாத அவகாசம். ஆனால் அந்த அவகாசம் முடியும் முன்பே வருவாய்த் தகராறு எழுந்தது. 1935-ஆம் ஆண்டு அரசியல் சட்ட ஏற்பாட்டின்கீழ், சணல் ஏற்றுமதித் தீர்வையில் 62.5 விழுக்காடு சணல் விளையும் மாகாணங்களுக்குச் சேர வேண்டும். தீர்வை வசூலாகும் துறைமுகம் இப்போது இந்தியாவில். விளையும் மாவட்டங்களில் பெரும்பகுதி பாகிஸ்தானில். தன் பங்கை இழந்த பாகிஸ்தான், 1947 முடிவதற்குள் இந்தியாவுக்குச் செல்லும் கச்சாச் சணலுக்குத் தானே ஏற்றுமதித் தீர்வை விதித்தது. 1948 மார்ச் 1 முதல் இரு நாடுகளும் சுங்க நோக்கில் ஒன்றையொன்று ‘அயல்நாட்டு நிலப்பகுதி’ என்று கொண்டன.

அயல்நாடு என்பதற்கு இங்கே வேறு மொழி, வேறு பண்பாடு என்ற பொருள் எதுவும் இல்லை. அரசிதழ் அறிவிக்கை ஒன்றே நேற்றைய உள்மாவட்டத்தை இன்று அயல்நாடாக்கியது. மொழியியலில் செயல்படு கூற்று என்று நாம் படிப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சொல்லப்பட்ட உடனேயே அச்சொல் உண்மையாகிவிட்டது. பேபாரியின் படகு மட்டும் முந்தைய நாள் சென்ற அதே ஆற்றில்தான் சென்றது.

வணிகருக்கு இதனால் நேர்ந்தவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, இரட்டைத் தீர்வை. கச்சாச் சணல் எல்லையில் ஒருமுறையும், சாக்காகவோ துணியாகவோ மாறிக் கல்கத்தாத் துறைமுகத்தை விட்டுச் செல்லும்போது மறுமுறையும் தீர்வை செலுத்தியது. இரண்டாவது, காலம். சணல் காத்திருக்கும், கிழக்கு வங்கத்திலிருந்து கல்கத்தாச் சந்தைக்கு வந்த மீனும் முட்டையும் காத்திராது. சோதனைச் சாவடியில் கழியும் ஒரு பகல் அவற்றுக்கு எந்தத் தீர்வையையும்விடப் பெரிய இழப்பு. மூன்றாவது, நாணயம். 1948 ஏப்ரலிலிருந்து இந்திய நோட்டுகளே ‘பாகிஸ்தான் அரசு’ என்ற மேலச்சுடன் அங்கே புழங்கின. ஜூலை 1 அன்று பாகிஸ்தான் அரசு வங்கி இயங்கத் தொடங்கியது. அதுவரை ஒரே ரூபாயாக இருந்தது இரண்டு ரூபாய்களாயிற்று.

இரண்டு ரூபாய்களும் சமமதிப்பில் இருந்தவரை வணிகம் ஒருவாறு நடந்தது. 1949 செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணய மதிப்பைக் குறைத்தபோது, இந்தியா 30.5 விழுக்காடு குறைத்தது, பாகிஸ்தான் குறைக்கவில்லை. 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்பது கணக்கு. அந்த விகிதத்தை இந்தியா ஏற்க மறுத்தது. சணல் எல்லைக்கு அப்பால் தேங்கியது. பாகிஸ்தான் தன் உழவர்களைக் காக்கச் சணல் வாரியம் ஒன்றை அமைத்தது. டிசம்பரில் இந்தியா நிலக்கரி அனுப்புவதை நிறுத்தியது. ஹூக்ளிக் கரை ஆலைகள் வேலை நேரத்தைக் குறைத்து, தறிகளில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தன. 1951 பிப்ரவரியில் இந்தியா அவ்விகிதத்தை ஏற்று உடன்பாடு காணும்வரை இரு பக்கமும் இழந்தன.

இதன் விளைவுகள் நிலைத்தன. இந்தியா மேற்கு வங்கம், அசாம், பீகார், ஒடிசா ஆகிய மாநிலங்களில் சணல் பரப்பை விரைந்து பெருக்கியது. உணவுப் பற்றாக்குறைக் காலத்தில் நெல் வயல்களிலும் சணல் ஏறியது. கிழக்கு வங்கத்தில் நாராயண்கஞ்சில் ஆதம்ஜி ஆலை 1951இல் உற்பத்தியைத் தொடங்கியது. சிட்டகாங் துறைமுகம் வளர்ந்தது. ஒருவரையொருவர் நிறைவு செய்த இரு பகுதிகள் ஒரே பொருளை உலகச் சந்தையில் விற்கும் போட்டியாளர்களாயின. சுங்க எல்லை ஏற்கெனவே இருக்கும் வணிகத்தை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. இரு புறமும் பொருளாதாரங்களையே புதிதாக உருவாக்குகிறது.

இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் விழவில்லை என்பதே என் முதன்மையான வாதம். ஆலை முதலாளிகளுக்குச் சங்கம் இருந்தது. டெல்லியில் அவர்கள் குரலுக்குச் செவி இருந்தது. அரசுகள் அவர்களுக்காகவே பொதிகளின் எண்ணிக்கை பற்றிப் பேரம் பேசின. ஃபரியாவுக்கும் பேபாரிக்கும் அத்தகைய மேடை இல்லை. காசி மலைச் சரிவுகளைப் பாருங்கள். அங்கு விளைந்த ஆரஞ்சும் வெற்றிலையும் பாக்கும் தலைமுறைகளாகச் சில்ஹட் சமவெளிச் சந்தைகளில் விற்கப்பட்டன. அரிசியும் மீனும் அங்கிருந்தே மலையேறின. 1947 ஜூலை பொதுவாக்கெடுப்புக்குப் பின் சில்ஹட்டின் பெரும்பகுதி பாகிஸ்தானுடன் சேர்ந்தது. மலையடிவாரத்துச் சந்தை அயல்நாடாயிற்று. இந்தியச் சந்தைக்குச் செல்ல மலையேறி நெடுந்தொலைவு போக வேண்டியதாயிற்று. அந்த விளைச்சலுக்காக எந்த அரசும் நாணய விகிதப் பேச்சை முறித்துக்கொள்ளவில்லை.

அவர்களில் பலர் பழைய வழியிலேயே சென்றனர். ஆவணங்கள் அதைக் கடத்தல் என்று பதிவு செய்தன. தமிழில் ‘கடத்து’ என்பது ‘கட’ என்னும் வினையின் பிறவினை. கடக்கச் செய்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். மின்கடத்தி என்னும்போது அதில் குற்றம் ஏதுமில்லை. எல்லை ஒன்று குறுக்கே வந்ததும் அதே செயல் குற்றமாகிறது. செயல் மாறவில்லை, அதை வகைப்படுத்தும் அதிகாரம் மாறியது. வில்லெம் வான் ஷெண்டல் 2005இல் வெளியிட்ட ‘தி பெங்கால் பார்டர்லேண்ட்’ இந்த எல்லையை அதன் ஓரத்தில் வாழ்பவர்களின் பக்கமிருந்து பார்க்கப் பெரிதும் உதவுகிறது. ஆவணக் காப்பகத்தில் ‘கடத்தல் வழக்கு’ என்ற கோப்பைத் திறக்கும் மாணவர், அதே பாதையில் 1948 பிப்ரவரியில் என்ன நடந்தது என்றும் கேட்க வேண்டும்.

1965 போர் எஞ்சியிருந்த ரயில், ஆற்றுப் போக்குவரத்தையும் நிறுத்தியது. 1972இல் இந்தியாவும் வங்கதேசமும் ஆற்றுவழி ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. 2011இல் மேகாலயாவின் கலாய்ச்சரில் எல்லைச் சந்தை திறக்கப்பட்டது. அங்கே ஓரத்து ஊர்மக்கள் தங்கள் விளைபொருளை வரம்புக்குட்பட்ட மதிப்பில் தீர்வையின்றி விற்கலாம். எல்லை வந்து 60 ஆண்டுகளுக்கு மேலான பின், சிறு வணிகர் தம் கூடையுடன் சந்தைக்குச் செல்வதற்கு இரு அரசுகளின் உடன்படிக்கை தேவைப்பட்டிருக்கிறது.

இன்றும் உலகில் புதிய சுங்க எல்லைகள் வரையப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் விவாதம் தீர்வை விகிதத்தைச் சுற்றியே நடக்கிறது. வங்கத்தின் அனுபவம் வேறு கேள்விகளை முன்வைக்கிறது: இடைக்கால அவகாசத்தில் யாருடைய வணிகத்துக்கு ஏற்பாடு செய்யப்படுகிறது? கடன் எந்த வழியில் ஓடும்? காத்திருக்க முடியாத சரக்கு எவருடையது? இக்கேள்விகளோடு சில்ஹட், ரங்க்பூர், திரிபுரா எல்லை ஓரங்களின் வட்டாரச் சந்தைகளை ஆராய இடம் நிறையவே இருக்கிறது. ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்கள் இதைக் கருதிப் பார்க்கலாம்.