பழவேற்காட்டுப் பாடும் பழந்தமிழ்க் கணக்கும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய தமிழ்நாட்டில், கணக்கென்பது கற்றோரின் மதிநுட்பத்திற்கு மட்டும் உரியதாய் நின்றிலது. நிலம் அளப்பார், பொன் நிறுப்பார், நெல் அளப்பார் ஆகிய யாவர்க்கும் அஃது அன்றாடத் துணையாய் விளங்கிற்று. கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் இதற்குச் சான்றாம். அந்நூல் அளவை வாய்பாடுகளோடு, கேட்போர் வியக்கும் புதிர்களையும் உடன்வைத்தது. பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளை எண்ணுமாறு யாது என்பது அவற்றுள் ஒன்று. காம்பைச் சூழ்ந்த சிறுமுட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது விடை. முட்கள் 50 எனின் சுளைகள் 60 ஆம். கனிதோறும் இயற்கை இவ்விதிக்கு அடங்கும் எனல் அரிது. எனினும் கண்டது கொண்டு காணாததை அறியும் பயிற்சியை இவ்வினா மாணவர்க்கு ஊட்டிற்று.

திண்ணைப்பள்ளிகளில் எண்சுவடி வழியாகப் பயின்ற கீழ்வாய் இலக்கங்களுள் முந்திரி என்பது 1/320 ஆம். அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி ஆகிய யாவும் முந்திரியால் மிச்சமின்றி அளக்கப்படும். ஆயின், ஒன்றை மூவர்க்குச் சமமாகப் பகிரப் புகின், ஒவ்வொருவர்க்கும் 106 முந்திரி போக, இரண்டு முந்திரி எஞ்சும். பொருளைக் கூறிட இயலாதவிடத்து நடுவுநிலை காப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு நெய்தல் நிலத்தார் கண்ட விடை அறியத்தக்கது.

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவிற்கு அடுத்த பெருமையுடையது. ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் கெல்திரியாக் கோட்டை எழுப்பிய ஊர் பழவேற்காடு. இதனைச் சார்ந்த கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மீனவர் ஊர்களிற் பாடு என்னும் முறை வழங்கிவந்தது. வலை கட்டுதற்குரிய நல்லிடங்கள் சிலவே. உரிமையுடைய தலைக்கட்டுகளோ பல. ஆதலின் அவர்கள் நீரைக் கூறிடாது நாளைக் கூறிட்டனர். சீட்டும் முறையும் கொண்டு இடங்களைப் பகிர்ந்தனர். கொச்சிக் காயலிலும் இம்முறை பாடு என்றே பெயர்பெறும். இலங்கை நீர்கொழும்புக் காயலிலும் கட்டுவலைக்குச் சீட்டு முறை உண்டு.

இம்முறையின் நுட்பத்தை ஒரு வினாவால் விளக்கலாம். மூன்று குப்பத்தார் நாள்தோறும் முறைமாறி ஓரிடத்தில் வலை கட்டுவர் என்க. அமாவாசையை ஒட்டி நீரோட்டம் மிகும். ஓர் அமாவாசைக்கும் அடுத்ததற்கும் இடையே எப்பொழுதும் 30 நாள் எனக் கொண்டால், முதற்குப்பத்தார்க்கு வாய்த்த அமாவாசை ஏனையோர்க்கு என்று வாய்க்கும்?

என்றும் வாயாது என்பதே விடை. 30 மூன்றால் மிச்சமின்றி வகுபடுதலின், அந்நாள் முதற்குப்பத்தாரையே மீளமீளச் சாரும். முறை நேராயிருந்தும் பயன் கோணும். ஆயின் சந்திரமாதம் ஏறத்தாழ 29½ நாள் கொண்டது. 30-ம் 29-ம் மாறிமாறி வருமெனக் கொள்ளின், 29 நாள் மாதந்தோறும் முறை ஓரிடம் பெயரும். முதற்குப்பத்தார் இரண்டு அமாவாசை பெற்றபின் மூன்றாங்குப்பத்தார் இரண்டும், பின்னர் இரண்டாங்குப்பத்தார் இரண்டும் பெறுவர். 354 நாளில் வரும் 12 அமாவாசைகளுள் ஒவ்வொரு குப்பத்திற்கும் நான்கு சேரும்.

மற்றொரு வினா: வலையிடம் 15, தலைக்கட்டு 90 எனின், ஒருவர்க்கு எத்துணை நாளுக்கு ஒருமுறை இடம் கிட்டும்? ஆறு நாளுக்கு ஒருமுறை. தலைக்கட்டு 180 ஆயின் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை. சமன்மை சிறிதும் குன்றவில்லை. அடுப்பில் ஏறும் உலையோ பாதியாயிற்று. முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்வரத்துக் குறையுங்காலத்தும், முறைக்குப் புறம்பாய் நின்றோர் தமக்கும் இடம் வேண்டுங்காலத்தும் இக்கணக்கே வழக்காக மூளும்.

வகுத்தல் கணக்கின் தொழில். யார் யாரை எண்ணிக்கையுட் சேர்ப்பது என்பது அறத்தின் தொழில். முன்னதிற்கு விடை சுவடியில் உண்டு. பின்னதிற்கு விடையை ஊரார் கூடியே காணல் வேண்டும்.