கனடாவில் பிறந்த ‘பிரிட்டிஷ்’ எஞ்சின்

திருவொற்றியூரில், கப்பல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு ரயில் எஞ்சின் நிற்கிறது. நீளம் 28 சென்டிமீட்டர். பிரிட்டனில் கன்டெய்னர்களையும் கருங்கல் ஜல்லியையும் இழுத்துச் செல்லும் ‘66ஆம் வகுப்பு’ டீசல் எஞ்சினின் மாதிரி அது. “அசல் பிரிட்டிஷ் சரக்கு” என்றார் நண்பர். அந்தப் பெருமையைச் சற்று ஆராய்ந்தால் சுவையான வரலாறு ஒன்று வெளிப்படுகிறது.

முதலில் மாதிரியையே பார்ப்போம். அசல் எஞ்சினின் ஓர் அடி, மாதிரியில் 4 மில்லிமீட்டர். எனவே 70 அடி எஞ்சின் 28 செ.மீ. ஆயிற்று. ஆனால் சக்கரங்களுக்கு அடியில் ஒரு பொய் இருக்கிறது. பிரிட்டனில் தண்டவாளங்களின் இடைவெளி 4 அடி 8½ அங்குலம். இக்கணக்கின்படி மாதிரியில் 18.8 மி.மீ. வரவேண்டும், உள்ளதோ 16.5 மி.மீ.! பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவில் சிறியவை. ஐரோப்பியர் கையாண்ட சிறிய அளவில் அவற்றைச் செய்தபோது, அக்கால மோட்டார் உள்ளே அடங்கவில்லை. எனவே உடலை மட்டும் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த வழக்கம் இன்றும் நீடிக்கிறது.

இனி அசலுக்கு வருவோம். ரயில் எஞ்சின் என்றால் ஒரு காலத்தில் பிரிட்டன்தான். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை, சுமார் 100 கி.மீ. தூரம், தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அதை இழுத்த நீராவி எஞ்சின் கப்பலில் பிரிட்டனிலிருந்து வந்தது. ராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

டீசல் யுகம் வந்தபோதோ நாம் லண்டனை நாடவில்லை. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தை நாடினோம். 1962இல் அந்நிறுவனத்தின் 2,600 குதிரைத்திறன் எஞ்சின்கள் வந்தன. 1964 முதல் வாராணசியிலேயே அவற்றைச் செய்தோம். ஆல்கோ 1969இல் எஞ்சின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. தாய் மறைந்த பின்னும் வாராணசியில் பிள்ளைகள் பல்லாண்டு பிறந்துகொண்டிருந்தன! தண்டையார்பேட்டை டீசல் ஷெட்டில் பராமரிக்கப்பட்டவை இந்த இனத்தைச் சேர்ந்தவையே. கொருக்குப்பேட்டைப் பக்கம் குடியிருந்தவர்களுக்கு இவற்றின் கரும்புகை நன்கு தெரியும். ஓட்டுநர் திடீரென்று விசையைக் கூட்டும்போது எண்ணெய் உடனே பாயும். ஆனால் காற்றை உள்ளே தள்ளும் டர்போ விசிறி, வெளியேறும் புகையின் வேகத்தால் சுழல்வதாகையால் சற்றுப் பிந்தியே வேகம் பிடிக்கும். காற்றுப் போதாமல் எண்ணெய் அரைகுறையாக எரிவதே அந்தக் கருமை.

பிரிட்டன் தன் டீசல் எஞ்சின்களைத் தானே செய்துகொண்டது. ஆயினும் சாமர்செட் பகுதிக் கல்குவாரி நிறுவனம் ஒன்று அவற்றின் அடிக்கடிப் பழுதால் சலித்துப்போய், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிடம் நான்கு எஞ்சின்கள் வாங்கியது. 1986இல் அவை வந்து சேர்ந்தன. தனியார் ஒருவர் சொந்த எஞ்சினைப் பிரிட்டிஷ் ரயில்வேயின் பாதையில் ஓட்டுவதா என்று அன்று வியந்தார்கள். அவை சளைக்காமல் உழைத்தன. பின்னர் ரயில்வே தனியார் மயமானதும், சரக்கு ரயில் நிறுவனம் ஒன்று ஒரே மூச்சில் 250 எஞ்சின்களுக்கு ஆணை கொடுத்தது. அவைதான் 66ஆம் வகுப்பு. 1998இல் முதல் எஞ்சின் கப்பலிலிருந்து இறங்கியது. பிறந்த ஊர் லண்டன்தான். ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன்!

வேடிக்கை இதோடு முடியவில்லை. மறு ஆண்டே, 1999இல், அதே நிறுவனத்திடமிருந்து இந்தியாவுக்கும் சரக்கு எஞ்சின்கள் வந்தன. ‘டபிள்யூ.டி.ஜி.4’ என்பது பெயர்: டபிள்யூ அகலப்பாதை, டி டீசல், ஜி சரக்கு. பின்னர் இவையும் வாராணசியில் உருவாயின. இவ்விரண்டின் இதயமும் ‘710’ எனப்படும் ஒரே குடும்பம். ஒவ்வோர் உருளையின் கொள்ளளவு 710 கன அங்குலம் என்பதால் அப்பெயர். பிரிட்டனுக்கு 12 உருளைகள், 3,300 குதிரைத்திறன். நமக்கு 16 உருளைகள், 4,000 குதிரைத்திறன். ஆல்கோவில் தண்டு இரு சுற்றுச் சுற்றினால்தான் ஓர் உருளையில் ஒருமுறை எண்ணெய் எரியும். 710இல் ஒவ்வொரு சுற்றிலும் எரியும். டர்போவும் தொடக்கத்தில் பற்சக்கரத்தால் சுழற்றப்படுவதால் காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, புகையும் குறைவு.

எல்லாவற்றிலும் எஞ்சின் நேரே சக்கரத்தைச் சுற்றுவதில்லை. மின்சாரம் ஆக்குகிறது, அது அச்சுகளில் உள்ள மோட்டார்களை ஓட்டுகிறது. 66இல் அவை நேர்மின்னோட்ட மோட்டார்கள். நம்முடையதில் மாறுமின்னோட்ட மோட்டார்கள். அவற்றில் தேயும் கரித்துண்டுகள் இல்லை. பாரத்தை இழுக்கத் தொடங்கும்போது சக்கரம் வழுக்காமல் கட்டுப்படுத்துவதும் எளிது. இந்த ஒன்றில் நம்முடையதே ஒரு படி மேல்.

இதையெல்லாம் கேட்ட நண்பர், “அப்படியானால் இந்த மாதிரிக்குப் பக்கத்தில் நம் எஞ்சினையும் செய்து ஓட்டலாமே?” என்றார். ஓட்டலாம், ஆனால் வேறு பாதையில். நம் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். அடிக்கு 4 மி.மீ. கணக்கில் அதற்கு 22 மி.மீ. தண்டவாளம் வேண்டும்.