பரிந்துரைச் சீட்டும் பதினான்கு இலக்க எண்ணும்: உளுந்தூர்பேட்டையை முன்வைத்து நலவாழ்வுத் தகவல் பகிர்வின் வரலாறு

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் சேலம் சாலையும் கூடும் ஊர் உளுந்தூர்பேட்டை. 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும் அதன்பின் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்த இவ்வட்டம், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. தலைமையிடம் இருமுறை மாறியது. நோயாளியோ மாவட்ட எல்லையைப் பார்த்துப் பயணம் செய்வதில்லை; முண்டியம்பாக்கம், கள்ளக்குறிச்சி, சேலம், புதுச்சேரி என நோயின் கடுமைக்கேற்ப அவர் திசை அமைகிறது. ஒரு மருத்துவமனை அறிந்ததை அடுத்த மருத்துவமனை எவ்வாறு அறிகிறது? அதற்கான தடை கணினியில் தோன்றியதன்று, கணினிக்கு முந்தைய நிருவாகப் பிரிவினையில் வேர்கொண்டது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சென்னை மாகாணத்தில் 1922இல் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககம் உருவானபோது, நோயைத் தடுப்பது ஒரு துறைக்கும் நோய்க்கு மருத்துவம் செய்வது மற்றொரு துறைக்கும் உரியதாயிற்று. 1966இல் மருத்துவக் கல்வியும் தனி இயக்ககமானது. இன்று சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையம் பொதுச் சுகாதார இயக்ககத்தின்கீழும், உளுந்தூர்பேட்டை அரசு மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின்கீழும், முண்டியம்பாக்கம், கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின்கீழும் இயங்குகின்றன. ஒரே அரசின் மூன்று படிகளை ஏறும் நோயாளி மூன்று பதிவேடுகளில் புதியவராகவே இடம்பெறுகிறார். நெடுங்காலம் அவற்றை இணைத்தது அவர் கையிலிருந்த பரிந்துரைச் சீட்டு ஒன்றே. அச்சீட்டைக் குறைத்து மதிப்பிடலாகாது. அனுப்பும் மருத்துவர் எதற்கு அஞ்சினார் என்பதை அது நான்கு வரிகளில் சொல்லும். மின்னணுப் படிவங்கள் பலவற்றில் அதற்கு இடமே இல்லை.

துறை எல்லைகளைத் தாண்டி நிலைபெற்ற மின்னணுப் பதிவு கருவுற்ற தாய்மாருடையது. 2008ஆம் ஆண்டு வாக்கில் தமிழகத்தில் தொடங்கிய 'பிக்மி' முறையில், கிராம சுகாதார செவிலியர் தாயைப் பதிவுசெய்கிறார். பரிசோதனைகளும் மகப்பேறும் தடுப்பூசியும் அவருக்குரிய எண்ணின்கீழ்ச் சேர்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அவ்வெண் வேண்டும். 2018 முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவையாயிற்று. ஆகவே தனியார் மருத்துவமனையை நாடும் தாயும் அப்பதிவுக்குள் வந்தார். மருத்துவத் தேவையைவிட உதவித்தொகையும் சான்றிதழுமே இப்பதிவை எல்லை கடக்கச் செய்தன எனலாம். இதய நோயாளிக்கோ சிறுநீரக நோயாளிக்கோ அத்தகைய உந்துவிசை இருக்கவில்லை.

நடுவண் அரசு மின்னணு நலவாழ்வுப் பதிவேடுகளுக்கான தரநிலைகளை 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்தியது. 2020 ஆகஸ்டு 15 அன்று தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் ஆறு ஒன்றியப் பகுதிகளில் தொடங்கியபோது புதுச்சேரி அவற்றுள் ஒன்று. தமிழ்நாடு அப்பட்டியலில் இல்லை. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்னும் பெயரில் அது நாடு முழுமைக்கும் விரிந்தது. இதன் அமைப்பு முந்தையவற்றினின்று வேறானது. பதிவுகள் ஒரே மையத்தில் குவிவதில்லை. உருவான மருத்துவமனையிலேயே இருக்கின்றன. பதினான்கு இலக்க 'ஆபா' எண்ணால் நோயாளி அடையாளம் காணப்பட்டு, அவர் இசைவளித்த பின்னரே ஒரு நிறுவனத்தின் பதிவு மற்றொன்றுக்குச் செல்கிறது.

இசைவு அளிக்க இயலாதவர் நிலை என்ன? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாதிக்கப்பட்டோர் கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம் மருத்துவமனைகளிலும், நடுவண் அரசின்கீழ் உள்ள புதுச்சேரி ஜிப்மரிலும் சேர்க்கப்பட்டனர். மெத்தனால் நச்சில் குடித்த நேரம், தரப்பட்ட முறிமருந்தின் அளவு, டயாலிசிஸ் செய்யப்பட்டதா என்பவை அடுத்த மருத்துவர் உடனடியாக அறிய வேண்டியவை. பார்வை மங்கி, நினைவு தடுமாறும் நோயாளியிடம் இவற்றைக் கேட்டறிவது அரிது.

நெடுஞ்சாலை விபத்திலும் இதுவே நிலை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துக்குள்ளானவர் எம்மாநிலத்தவராயினும் முதல் 48 மணிநேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. செலவுக்கணக்கு மருத்துவமனையிலிருந்து அரசுக்குச் செல்ல வழி வகுக்கப்பட்டுள்ளது. மருத்துவமனையிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் பக்கவாட்டு வழி அவ்வளவு உறுதியாக வகுக்கப்படவில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரநிலையில் இசைவின்றியும் தரவைக் கையாள 7ஆம் பிரிவில் இடமளிக்கிறது. ஆயினும் சுயநினைவின்றிக் கொண்டுவரப்படுபவரின் பதினான்கு இலக்கங்களை யார் சொல்வது என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை. ஆம்புலன்சில் உடன்செல்வது இன்றும் அந்தப் பரிந்துரைச் சீட்டே.