திருத்தணிப் படியும் அரக்கோணம் டான்ஸ் ஹாலும்

நம் ஊரைப் பற்றி மலருக்குக் கட்டுரை கேட்டால் எல்லோரும் மூன்று விஷயத்தைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். 1888-ல் இங்கே பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த நம்மை 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்த்து வைத்த, ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டம், மலைமேல் முருகன். எழுத வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1970-களில் மீசை அரும்பிய எங்கள் செட்டுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அமெரிக்கக் கறுப்பர்களின் 'சோல்' இசை திருத்தணிப் பையன்கள் காதில் எப்படி வந்து விழுந்தது என்ற சரித்திரம். சிரிக்காதீர்கள். நிஜமாகவே விழுந்தது. அதற்கு வழி போட்டுக் கொடுத்தது ரயில். நாள் டிசம்பர் 31.

டிசம்பர் 31 என்றால் நம் ஊரில் என்ன என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. திருப்புகழ்த் திருப்படித் திருவிழா. 365 படி, வருஷத்துக்கு ஒரு நாள் கணக்கு. படிக்கு ஒரு பாட்டு, ஒரு கற்பூரம். எங்கெங்கிருந்தோ பஜனை கோஷ்டிகள் வந்து ராத்திரி முழுக்கப் பாடிக்கொண்டே ஏறும். இது ஏதோ சோழர் காலத்து வழக்கம் என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இல்லை. 1910-களின் கடைசியில் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்தது. அப்போதெல்லாம் ஜனவரி 1 அன்று நம் உத்தியோகஸ்தர்கள் மாலையும் எலுமிச்சம்பழமுமாக வெள்ளைக்கார துரை பங்களா வாசலில் போய் நிற்பார்களாம். "அந்த துரையைப் பார்த்தது போதும், தணிகை துரையைப் பார்க்க வாங்க" என்று சுவாமிகள் கூப்பிட்ட கூப்பாடுதான் இன்றைக்கு இவ்வளவு பெரிய விழாவாகி நிற்கிறது. ஆக, நம் மலையின் அந்த ராத்திரியே இங்கிலீஷ் புத்தாண்டுக்குப் போட்டியாக வந்ததுதான்.

சுவாமிகள் கதையில் இன்னொரு சங்கதி. பூர்வாசிரமத்தில் அவர் பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. நாற்பதை ஒட்டிய வயதில் பழனிக்கு வந்த இடத்தில், ஒரு நடன மாது திருப்புகழ் பாடி ஆடியதைக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், மனுஷன் ஆளே மாறிப்போனார். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு ஊர் ஊராகத் திருப்புகழைப் பாடிப் பரப்பினார். ஆட்டத்தில் கேட்ட பாட்டை அவர் மலைப்படிக்குக் கொண்டு வந்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இனி அரக்கோணம். 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் அரக்கோணம் வழியாகத்தான் போனது. அங்கிருந்து ரேணிகுண்டா, கடப்பை, குண்டக்கல் வழியாக பம்பாய்க்குப் போகிற பாதை நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. நடுவில் இச்சிபுத்தூர் ஒன்றுதான். சுமார் 13 கிலோமீட்டர். ஜங்ஷன் என்று ஆனதும் டிரைவர், கார்டு, இன்ஸ்பெக்டர் என்று ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வந்து குடியேறின. பெரம்பூர், ஜோலார்பேட்டை, போத்தனூர், பொன்மலை எல்லாம் இதே கதைதான். ஸ்டேஷன், சர்ச், ஸ்கூல், அப்புறம் ரயில்வே இன்ஸ்டிடியூட். இன்ஸ்டிடியூட் என்றால் படிக்கிற இடம் அல்ல. பில்லியர்ட்ஸ், ஹவுசி, நாடகம், எல்லாவற்றுக்கும் மேலாக டான்ஸ். தரையில் சாக்குத்தூள் தூவி வழுவழுவென்று தேய்த்து வைத்திருப்பார்கள், ஷூ சறுக்கிக்கொண்டு போகும். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், பிள்ளைகளுக்கு ஜைவ். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அந்தக் கட்டடத்தில் விளக்கு அணையாது.

அங்கே ஒலித்த பாட்டு பெரும்பாலும் ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்ட், எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். இதில் கிளிஃப் ரிச்சர்ட் 1940-ல் லக்னோவில் பிறந்தவர். எங்கல்பர்ட் 1936-ல் நம்ம மெட்ராஸிலேயே பிறந்தவர், நிஜப்பெயர் ஆர்னால்ட் டார்ஸி. அதனால் அந்தப் பாட்டுகளை அவர்கள் சொந்தக்காரன் பாட்டு மாதிரிக் கேட்டார்கள். எங்களுக்கோ இலங்கை வானொலி இருந்தது. தமிழ் ஒலிபரப்பு முடிந்ததும் முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் இங்கிலீஷ் பாட்டு. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், ரயில்வே காலனியில் இங்கிலீஷ் என்று வளர்ந்த எல்லை ஊர்ப் பையன்களுக்குப் பாட்டு எந்த மொழியில் இருந்தால் என்ன?

1972 டிசம்பர் 31. எனக்கு வயசு 17, பி.யூ.சி. எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஆங்கிலோ இந்திய கார்டு ஒருவர் இருந்தார். எங்களுக்கெல்லாம் அவர் 'கார்டு அங்கிள்'. மெம்பர் ஒருவர் கூட்டிப் போனால் வெளியாளும் உள்ளே போகலாம் என்று, அவர் பையனோடு என்னையும் கூப்பிட்டார். நைனாவிடம் கேட்டேன். "ஊரே மலை ஏறுது, நீ மட்டும் இறங்கிப் போறியாடா?" என்றார். ஆனாலும் போகவிட்டார். அவருக்கும் கார்டு அங்கிள்மேல் மரியாதை.

இஸ்திரி போட்ட ஒரே பேன்ட்டைப் போட்டுக்கொண்டு போய் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றேன். "என்ன மேன், செவுத்தைத் தாங்கிட்டு நிக்கிறே? விழுந்துடுமா?" என்று அங்கிள் கேலி பண்ணினார். ஆடத் தெரியாது, ஆடவும் இல்லை. பத்தரை மணி வாக்கில் பேண்டுக்காரர்கள் இளைப்பாறப் போனார்கள். யாரோ ரெக்கார்டு போட்டார்கள். முதலில் ஒரு ஆர்கன் மெதுவாக, கோவில் மண்டபத்தில் எதிரொலிக்கிற மாதிரி. அப்புறம் ஒரு குரல். பாடுகிறதா, கெஞ்சுகிறதா, அழுகிறதா என்று சொல்ல முடியவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அங்கிள், இது சர்ச் பாட்டா?"

"சர்ச்சுலேர்ந்து வந்ததுதான் மேன். ஆனா சர்ச் பாட்டு இல்லே, லவ் பாட்டு. இதுக்குப் பேரு சோல்."

பெர்சி ஸ்லெட்ஜ் பாடிய 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்'. 1966-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அலபாமாவில் ஆஸ்பத்திரி உதவியாளராக இருந்த ஆள் அவர் என்பது எனக்குப் பிற்காலத்தில் தெரிந்தது. அன்றைக்கு அந்தக் குரல் மட்டும்தான் தெரியும்.

விடியற்காலை பாசஞ்சரில் ஊர் வந்து இறங்கினால் பிளாட்பாரம் முழுக்க மலையிலிருந்து இறங்கிய கூட்டம். ஒரு பஜனை கோஷ்டி, தொண்டை கட்டிப்போன நிலையிலும் விடவில்லை. ஜால்ரா, ஆர்மோனியம். தலைவர் ஒரு அடி எடுப்பார், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள், அவர் இன்னும் மேலே போவார், இவர்கள் விடாமல் பின்னால் போவார்கள், கடைசியில் அரோகரா. பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டுதான். அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

அங்கிள் சொன்னது சரித்திரப்படியும் சரிதான். கறுப்பர்களின் சர்ச்சுகளில் பாஸ்டர் ஒரு வரி சொன்னால் சபை பதில் கொடுக்கும், கை தட்டும், எழுந்து நிற்கும். 1954-ல் ரே சார்லஸ் அப்படிப்பட்ட ஒரு சர்ச் பாட்டின் மெட்டில் காதல் வார்த்தைகளைப் போட்டுப் பாடினார். சாமி பாட்டைக் கெடுத்துவிட்டான் என்று சபைகளில் பெரிய சண்டை. 1957-ல் சாம் குக், பக்திப் பாடல் குழுவிலிருந்து விலகி வந்து காதல் பாட்டில் புகழ் பெற்றார். அரீத்தா ஃபிராங்க்ளின் டெட்ராய்ட் பாஸ்டர் ஒருவரின் மகள். அதே டெட்ராய்டில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, வீட்டாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959-ல் மோட்டவுன் கம்பெனியைத் தொடங்கினார். மெம்பிஸ் நகரத்தில் ஒரு பழைய சினிமா கொட்டகையை ஸ்டுடியோவாக்கியது ஸ்டாக்ஸ் கம்பெனி. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாதிருந்த அந்த ஊரில், ஸ்டாக்ஸின் வாத்தியக் குழுவில் இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தார்கள். அவர்கள் வழக்கமாகக் கூடுகிற லொரேன் என்ற லாட்ஜ். 1965-ல் 'இன் தி மிட்நைட் ஹவர்' பாட்டு உருவானது அங்கேதான். 1968 ஏப்ரல் 4-ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே லாட்ஜில்தான். அந்தக் குரலில் கேட்ட கெஞ்சலுக்குப் பின்னால் இத்தனை இருந்தது.

வள்ளிமலை சுவாமிகள் ஆட்டத்தில் கேட்டதைச் சாமிக்குக் கொண்டுபோனார். ரே சார்லஸ் சாமிக்குப் பாடியதை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, அது அபத்தம். அருணகிரிநாதரின் சந்தம் வேறு, மெம்பிஸ் டிரம்ஸ் வேறு. ஆனால் ஒரே ராத்திரியில், 13 கிலோமீட்டர் இடைவெளியில், இரண்டையும் கேட்க வாய்த்த பையனுக்கு இது கறுப்பன் பாட்டு, அது நம்ம பாட்டு என்று வேலி போட மனசு வராது. எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு பாட்டு ரயிலுக்காகக் காத்திருக்கவில்லை. 1969-லேயே மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் கட்டடத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் கிளப்பில், பம்பாயில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் புடவை கட்டிக்கொண்டு இங்கிலீஷ் பாட்டுப் பாடத் தொடங்கியிருந்தார். உஷா உதூப். பர்மா பஜாரில் கேசட் வந்தது. துபாய் போனவர்கள் வீட்டில் டூ-இன்-ஒன் வந்தது. எங்கள் ஹாஸ்டலில் ஒரே ஒரு செட். அதில் பாதி நேரம் டி.எம்.எஸ்., மீதி நேரம் சண்டை. சினிமாவில் எம்.எஸ்.வி.யும் எல்.ஆர். ஈஸ்வரியும் இதையெல்லாம் நமக்குத் தக்கபடி ஏற்கெனவே சமைத்துக் கொடுத்திருந்தார்கள். இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: உங்கள் அப்பா அம்மா ஆடிப் பார்த்த மைக்கேல் ஜாக்சன், அண்ணன் தம்பிகளோடு மோட்டவுனில் பாடி வளர்ந்த பையன்தான். 1982-ல் வந்த 'சகலகலா வல்லவன்' படத்து ஹேப்பி நியூ இயர் பாட்டை இன்றைக்கும் டிசம்பர் 31-ல் ஸ்பீக்கர் கட்டிப் போடுகிறீர்களே, அந்த மாதிரி நடு ராத்திரி ஆட்டத்தை நம் பக்கத்தில் முதலில் ஆடியவர்கள் இன்ஸ்டிடியூட் தரையில் ஆடியவர்கள்.

அவர்கள் எங்கே போனார்கள்? அரசியல் சட்டத்தின் 336-வது பிரிவு ரயில்வே, சுங்கம், தபால், தந்தி வேலைகளில் ஆங்கிலோ இந்தியருக்குக் கொடுத்திருந்த ஒதுக்கீடு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பத்து சதவீதமாகக் குறைந்து, பத்தாவது வருஷம், 1960-ல் முடிந்தது. நாம் எல்லை மாறி வெற்றிவிழா கொண்டாடிய அதே வருஷம். அடுத்து ஒவ்வொரு குடும்பமாக இங்கிலாந்து, கனடா என்று கிளம்பியது. 1966-க்கும் 1973-க்கும் நடுவே ஆஸ்திரேலியா தன் வெள்ளையர் கொள்கையைத் தளர்த்திக் கைவிட்டதும் அந்தப் பக்கமும் போனார்கள். கார்டு அங்கிள் குடும்பம் ரிட்டயர்மெண்ட் பணத்தில் டிக்கெட் எடுத்து ஆஸ்திரேலியா போனது. கிராமபோனை எடுத்துப்போக முடியவில்லை. ரெக்கார்டுகளைத் தெருப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது ஒரு ஜிம் ரீவ்ஸ். கேட்டது அதுவல்ல, ஆனாலும் வைத்திருக்கிறேன். போகாமல் தங்கியவர்களுக்கு மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் இருந்த நியமன இடமும் 104-வது திருத்தத்தால் 2020 ஜனவரியில் நின்றுபோனது.

நம் எல்லைப் போராட்டத்துக்குப் புத்தகம் இருக்கிறது, படித் திருவிழாவுக்கு மலர் இருக்கிறது. அரக்கோணத்தின் டான்ஸ் ராத்திரிகளுக்கு நம்மிடம் ஒரு பக்கம்கூட இல்லை. போனவர்கள் கையோடு கொண்டு போயிருப்பார்கள், இருப்பவர்களுக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது. நம் சங்கத்தில் அரக்கோணம் ரயில்வே காலனியிலிருந்து பாசஞ்சரில் வந்து படித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் இன்ஸ்டிடியூட் டான்ஸ் டிக்கெட்டோ, பேண்டு போட்டோவோ, கிழிந்த ரெக்கார்டு அட்டையோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். கொண்டு வாருங்கள், பிரதி எடுத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பாட்டு மட்டும் ஞாபகம் இருந்தால் அதையும் வந்து பாடிக் காட்டுங்கள், மெட்டு சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.