அணைக்குத் தப்பிய காடு: அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

பாலக்காடு: கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரி மலைத்தொடரின் தென்மேற்குப் பகுதியில் அமைந்துள்ளது அமைதிப் பள்ளத்தாக்கு எனப்படும் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா. நாட்டில் எஞ்சியுள்ள வெப்பமண்டல மழைக்காடுகளுள் முக்கியமானதாகக் கருதப்படும் இதன் மையப் பகுதி 89.52 சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்டது.

இப்பள்ளத்தாக்கின் வழியே பாயும் குந்திப்புழா ஆற்றின் குறுக்கே, சைரந்திரி என்னுமிடத்தில் நீர்மின் திட்டத்திற்காக அணை கட்ட 1973ஆம் ஆண்டு திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. அணை எழுந்தால் பழமையான காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கும் என்பதால் கடும் எதிர்ப்பு கிளம்பியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் அமைப்பும், கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சலீம் அலி உள்ளிட்டோரும் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தனர். இறுதியில் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி இதனை முறைப்படி தொடங்கி வைத்தார்.

அப்போராட்டத்தின் அடையாளமாகத் திகழ்ந்தது சிங்கவால் குரங்கு. சோலைமந்தி என்றும் அழைக்கப்படும் இவ்வினம் பெரும்பாலும் மரங்களின் மேலேயே வாழ்கிறது. வெடிப்பலா மரத்தின் பூக்களும் விதைகளும் இதன் முக்கிய உணவாகும். மரக்கவிகை இடைவெளியின்றித் தொடர்ந்தால் மட்டுமே இவ்வினம் நிலைத்திருக்க இயலும்.

பூங்காவின் நுழைவாயில் மண்ணார்க்காடு - அட்டப்பாடி சாலையில் உள்ள முக்காலி ஆகும். பார்வையாளர்கள் தங்கள் வாகனங்களை இங்கேயே நிறுத்திவிட வேண்டும். வனத்துறை அனுமதிக்கும் வாகனங்களில் வழிகாட்டியுடன் சுமார் 23 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சைரந்திரி வரை மட்டுமே செல்லலாம். அங்குள்ள கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து பள்ளத்தாக்கு முழுவதையும் காணலாம். அதற்கப்பால் உள்ள அடர்ந்த காட்டுக்குள் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை.

நாள்தோறும் அனுமதிக்கப்படுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதாலும், முற்பகலிலேயே பயணம் தொடங்கிவிடும் என்பதாலும் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கனமழையும் அட்டைக்கடியும் பயணத்தைக் கடினமாக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் ஏற்றவை. நெகிழிப் பொருட்களைக் காட்டில் விட்டுவருவதும், விலங்குகளுக்கு உணவளிப்பதும், உரத்த ஒலி எழுப்புவதும் தவிர்க்கப்பட வேண்டும். தமிழகத்திலிருந்து செல்வோர் கோவை, ஆனைகட்டி, அகளி வழியாக முக்காலியை அடையலாம்.

சிங்கவால் குரங்கை நேரில் காண்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனினும், அணை எழவிருந்த அதே சைரந்திரியில் நின்று, தடையின்றி ஓடும் குந்திப்புழாவையும் அதன் இருமருங்கும் விரியும் காட்டையும் காண்பதே இப்பயணத்தின் பயனாகும்.